லைக்காவும் உன் புதுக் கேமராவும்

கச்சேரி ரோடு,
மயிலாப்பூர், சென்னை - 4.
12.7.1997

அன்புள்ள ஜானகிக்கு,

கைசர் ஜஹான் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரரும் நலம். மெல்போர்னில் இப்போது கடுங்குளிர் என்று உன் தம்பி அச்யுத் சொன்னான். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே வெயிலும் குறையவில்லை, தண்ணீர் லாரியும் ஒழுங்காக வருவதில்லை.

நீ அவனிடம் கொடுத்தனுப்பிய புதுக் கேமரா பத்திரமாக வந்தது. உனக்கு நேரமில்லை என்றும், நம் பழைய லைக்கா கேமராவோடு ஒப்பிட்டு எது தேவலை என்று எழுதிவிட்டு நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் நாலு வரி எழுதியிருந்தாய். தி. நகர் ஸ்டூடியோவில் ஒன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். நீ எதையும் நாலு வரியில் முடித்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாய். ஒரு மாதமாக இரண்டையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு அலைகிறேன்.

ஃபிலிம் போடுவதில் புதுசுதான் ராணி. முதுகைத் திறந்து நுனியை வைத்து மூடினால் தானே இழுத்துக்கொள்கிறது. லைக்காவில் இன்னும் அடித்தகட்டைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் பழசுக்கு பேட்டரி வேண்டாம். புதுசு பேட்டரி தீர்ந்தால் வெறும் கல். பார்க்கும் ஜன்னல் லைக்காவில் பெரியது, வெளிச்சமானது. அந்தச் சின்னக் கட்டத்தில் இரட்டையாகத் தெரிகிற உருவம் ஒன்றாகச் சேரும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம். புதுசில் அந்த வேலையே இல்லை. பாதி அழுத்தினால் தூரத்தை அதுவே பிடித்துவிடுகிறது.

போன வாரம் கொட்டிவாக்கத்தில் ஒரு நிக்காஹ். பாண்டி பஜார் குடைக் கடை ஷரீஃப் பாயை மறந்திருக்க மாட்டாய். அவர் மகள் மஹ்விஷுக்கு. பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஷரீஃப் பாய்க்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். கேமரா இருக்கிற அறைக்கே வரமாட்டேன் என்று மனிதர் அடம் பிடித்தார். "மூஞ்சி கோணிக்கினு கீது. பொண்ணு கல்யாணப் படத்துல இது இன்னாத்துக்கு?" என்றார். அத்தா வந்து தலையில் கை வைக்காமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று மஹ்விஷ் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

முதலில் புதுசில்தான் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே மோட்டார் ஓடி ஃபிலிமை நகர்த்துகிற சத்தம் கேட்டதும் அவர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதைப் பையில் போட்டுவிட்டு லைக்காவை எடுத்தேன். நகத்தைச் சொடுக்கின அளவுக்குத்தான் சத்தம். அவருக்குத் தெரியவே இல்லை. அறை ஜன்னலின் வெளிச்சத்தில் மகள் தலையில் நல்ல கையை வைத்து துஆ செய்தார், ஒரு பேரீச்சம்பழத்தை ஊட்டினார். ஆறு படம் எடுத்தேன். வெளிச்சத்தை உள்ளே விடுகிற அப்பர்ச்சரை மாற்றலாம் என்று குனிந்து பார்த்தால், ஜானகி, லென்ஸ் மூடி அப்படியே இருக்கிறது!

இந்த ஜாதிக் கேமராவில் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. மூடி இருந்தாலும் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் வாரமே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். மறைக்க மனசு வரவில்லை. ஷரீஃப் பாயிடமே போய், எடுத்ததெல்லாம் இருட்டு என்று சொல்லிவிட்டேன். அவர் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இருவது வருசமா போட்டோ புடிக்கிறே, மூடியக் கழட்டத் தெரியலியாம்மா?" என்று குழறினார். சொல்லி முடிக்கும் முன்னே சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கிச் சிரித்தார். துண்டு மடியில் விழுந்தது. மஹ்விஷும் மை கரைந்து ஓட ஓடச் சிரித்தாள். மூடியைக் கழற்றி ஒன்றே ஒன்று எடுத்தேன். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறார்கள். அதைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும் என்று ஷரீஃப் பாயே ஆளனுப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உன் கேமராவில் அந்தத் தப்பு நடந்திருக்காது. மூடியோடு எடுக்கப் பார்த்தால் உள்ளே எண் சிமிட்டி எச்சரிக்கிறது. அது நல்லதுதான். அன்றைக்கே விருந்து நேரத்தில் பிள்ளைகள் ஓடின ஓட்டத்துக்கு லைக்காவைத் திருகி மாளவில்லை. புதுசில் பிடித்ததெல்லாம் பளிச்சென்று வந்தது.

இனி ஒரு விஷயம். அச்யுத்தைக் கோபிக்காதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது, அதில் பார்வை முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொன்னது, இடது கண் நன்றாக இருந்தும் நீ பிப்ரவரியிலிருந்து ஒரு படமும் எடுக்காதது, எல்லாம் சொன்னான். எனக்கு எழுதியிருக்கலாம். போகட்டும்.

அவன் சொன்ன மறுநாள் காலை என் வலது கண்ணில் கைக்குட்டையைக் கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இறுக்கிக் கட்டிவிட்டார். இரண்டு கேமராவோடும் மாட வீதிக்குப் போனேன். கத்தரிக்காய்க்காரி என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, மெட்ராஸ் ஐ வந்துக்கீதா? ஒட்டிக்கும், அப்டிக்கா தள்ளி நில்லு" என்று விரட்டினாள். இடது கண்ணில் லைக்காவை வைத்தால் மூக்கு இடிக்கிறது. ஃபிலிம் தள்ளும்போது கட்டைவிரல் கண்ணைக் குத்துகிறது. அதற்குள் பஸ் போய்விடுகிறது. ஒரு சுருளில் நாலு படம் தேறியது. உன் புதுசில் மூக்கு இடிப்பது இடிக்கத்தான் செய்கிறது, ஆனால் தள்ள வேண்டியதும் இல்லை, கட்டம் பார்க்க வேண்டியதும் இல்லை. முப்பத்தாறில் முப்பத்தொன்று. படங்களை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கத்தரிக்காய்க்காரியின் முறைப்பைப் பார், மூக்குத்திக் கல்லை எண்ணலாம்.

ஆகவே எது தேவலை என்று கேட்டால், லைக்கா எனக்கு, புதுசு உனக்கு. இருபதாம் தேதி திரும்புகிற அச்யுத்திடம் அதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபிலிம் போட்டிருக்கிறேன், பேட்டரியும் புதுசு. திருப்பி அனுப்பாதே.

அந்தச் சுருளை முடித்து எனக்கு அனுப்பு. மரமோ டிராமோ எதுவாக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று உன்னையே எடு. ஒரு வருஷமாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கேமரா பாதி முகத்தை மறைத்தாலும் பரவாயில்லை. அதை எந்தக் கண்ணில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஐந்து வேளையும் உனக்காக துஆ செய்யும்,
கைசர்