வெங்காயம் போடாத வீடு

திருப்பதி
12.1.2025

அன்புள்ள ரமணா அண்ணனுக்கு,

சுமித்ரா எழுதுவது. நலமாய் இருக்கிறேன், கோபமாயும் இருக்கிறேன். போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். அதனால் சித்தூரில் உன் ஆபீசுக்கே தபால் போடுகிறேன். இதைக் கிழிக்கலாம், பிளாக் பண்ண முடியாது.

நான் பாதி சொல்லும்போதே போனை வைத்துவிட்டாய். மீதியைக் கேள். ஃபேஸ்புக்கில் நான் எழுதுகிற சைவச் சமையல் குழு அடுத்த மாதம் திருப்பதியில் கூட்டம் வைக்கிறது. குழுவில் போலிக் கணக்குகள் அதிகமாம், அதனால் அங்கே சமைத்துக் காட்டுகிறவர்கள் ஆதார் கார்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். குழுவை நடத்தும் தேவசேனா உடனே கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சுமித்ரா. இந்த அட்ரஸ் வேணாம். திருப்பதி வீட்டுக்கு மாத்திட்டு புதுசா அனுப்புங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் கார்டில் அப்படி என்ன இருக்கிறது? துலுக்காணம் மகள், ஹரிஜனவாடா, சத்தியவேடு மண்டலம். நம் நைனா பெயரும் நாம் பிறந்த இடமும்.

என் கொள்ளுச் சாற்றில் வெங்காயம் பூண்டு இல்லாததைப் பார்த்து, என்னை ஆசாரமான வீட்டுப் பெண் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் ஏன் போடவில்லை என்று உனக்குத் தெரியும். கூலியில் அரிசி வாங்கியபின் வெங்காயத்துக்கு மிஞ்சாது. அந்தச் சாற்றைத்தான் இத்தனை நாளாய் மடிச் சமையல் என்று பாராட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் குழுவில் எழுதப் போகிறேன், கார்டோடு. நம்பரை மட்டும் மறைப்பேன்.

அண்ணியையும் பிரியங்காவையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
சுமித்ரா


சித்தூர்
18.1.2025

சுமித்ராவுக்கு,

ஆபீசுக்குத் தபால் போடாதே என்று சொல்லத்தான் இந்தத் தபால். பக்கத்து சீட்டு கேசவன், "என்னா சார், லவ் லெட்டரா?" என்று கேட்டுக்கினே இருக்கிறான்.

நீ எழுதினால் அது உன்னோடு நிற்காது. எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா அதே குழுவில் இருக்கிறார். நீ என் தங்கை என்பதும் அவருக்குத் தெரியும். சைவக்காரர்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டின வீடு இது. நாலு வருஷமாய்க் கறிச்சட்டியை அடுப்பில் வைத்ததில்லை. பிரியங்கா ஒரு ஆம்லெட் துன்ன பஸ் ஸ்டாண்டு வரை போகிறாள். மார்ச்சில் அவளுக்கு இன்டர் பப்ளிக் பரீட்சை. நடுவில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்?

நான் என் கார்டை எப்போதோ மாற்றிவிட்டேன். வார்டு சச்சிவாலய ஆபீசில் ஒரு மனு, அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீயும் மாற்றிக்கொள். இல்லையென்றால் பரீட்சை முடிகிற வரையாவது வாயை மூடிக்கொண்டு இரு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்
ரமணா


திருப்பதி
24.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பரீட்சை முடியும் வரை எழுத மாட்டேன். அது பிரியங்காவுக்காக. கார்டை மாற்ற மாட்டேன். கூட்டத்துக்கும் வரவில்லை என்று தேவசேனாவிடம் சொல்லிவிட்டேன். வசதிக்காக அட்ரஸ் மாற்றுவது வேறு. வெட்கப்பட்டு மாற்றினால் நைனா முகத்தை நான் எப்படி நினைத்துப் பார்ப்பேன்?

எனக்குச் சின்னதிலிருந்தே கறி பிடிக்காது. "இவ நாக்கு எந்த ஊர்ல பொறந்துச்சோ" என்று நைனா கிண்டல் பண்ணுவார். ஆனாலும் எப்போதாவது கறி வாங்கினால், குழம்பில் போடும் முன் எனக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பார். நான் சைவம் என்றால் அது என் நாக்கு சம்பந்தப்பட்டது. அதற்கு ஜாதி கிடையாது. யோசித்துப் பார், நம் இரண்டு பேரில் அந்தப் போர்டு மாட்டின வீட்டில் இருக்கத் தகுதி எனக்குத்தான் இருக்கிறது. நீதான் அங்கே கறிக்கு ஏங்கிக்கொண்டு இருக்கிறாய்.

உன் கார்டை மாற்றியதால் ஒன்றும் குறையவில்லை என்கிறாய். அப்படியானால் ஏன் இவ்வளவு பயம்?

சுமித்ரா


திருப்பதி
27.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியங்கா பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அண்ணி சொன்னாள். நேற்று குழுவில் போட்டுவிட்டேன்.

"அக்கா, உங்க சாறு இல்லாம எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை கிடையாது, ஊர் எதுவா இருந்தா என்ன" என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி, "சாப்பாட்டுல எதுக்கு ஜாதியைக் கொண்டாறீங்க?" என்றாள். போன வருஷம் என்னிடம், "நீங்க எந்தப் பக்கத்தவங்க?" என்று தனியாகக் கேட்டதும் இவள்தான். சாயந்திரம் தேவசேனா பதிவை எடுத்துவிட்டாள், என்னையும் எடுத்துவிட்டாள். என் சொந்தப் பக்கத்தில் திரும்பவும் போட்டேன். அதை எடுக்க யாரும் இல்லை.

வீட்டுக்காரம்மா பார்த்திருப்பார். உனக்கு இடைஞ்சல் வரும் என்று தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. மூன்று பேரும் வாருங்கள்.

சுமித்ரா


சித்தூர்
16.4.2025

சுமித்ராவுக்கு,

பெங்களூரிலிருந்து மகன் வருகிறான், மாதக் கடைசியில் காலி பண்ணுங்கள் என்றார் வீட்டுக்காரம்மா. அவர் மகன் அங்கே சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறான். நான் தலையாட்டினேன். பிரியங்காதான், "நாங்க எந்த ஊருன்னு தெரிஞ்சிட்டதாலதானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உன் மேல் கோபம் தீரவில்லை. நாலு வருஷம் நிம்மதியாய் இருந்தேன் என்று எழுத வந்தேன். நிம்மதி இல்லை, பழகியிருந்தேன்.

வீடு தேடினோம். இரண்டு இடத்தில் பேச்சு சமையலில் தொடங்கி ஊரில் வந்து நின்றது. மூன்றாவது வீட்டில் வீட்டுக்காரர் பக்கிரிசாமி கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், ஊர், ஹரிஜனவாடா எல்லாம். அவர் மாடிக் கதவைத் திறந்து காட்டினார். "அது இருக்கட்டும் சார். மாடிக்குத் தண்ணி காலையில மட்டும்தான் வரும். சமாளிச்சிக்குவீங்களா?" என்றார்.

வரும் ஞாயிறு பால் காய்ச்சுகிறோம். காலையிலேயே வந்துவிடு. மத்தியானம் எங்களுக்குக் கோழிக் குழம்பு. உனக்கு வேண்டியதை நீயே சமைத்துக்கொள்.

அண்ணன்
ரமணா