மூன்றாய் வெட்டிய வளையம்

செப். 4, வியா. சாரல். குடையைக் கோயிலில் மறந்தாச்சு.

இதில் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். குளச்சலில் முப்பது வருடம் மீன் ஏலம் விளித்த இந்த நாக்கின் மேல் சத்தியம்.

போன மாதம் பார்க்கின்சன் நடுக்கத்துக்காக என் மண்டைக்குள் கம்பி இறக்கினார்கள். நான் முழு விழிப்பில். கம்பி ஈர்க்குச்சி கனம்தான்; இறங்கிய ஆழம் கொழும்பு வரை. உள்ளே தேங்காயெண்ணெய் நிறத்தில் வெளிச்சம். ஒரு திமிங்கலம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

செப். 6, சனி. வெயில்.

அந்தக் கம்பியில் கரண்ட் ஏற்றி ஒன்பது நாள்.
கை: மலை, ஆட்டமில்லை. சட்டைப் பொத்தான் ஐந்தும் நானே.
நாக்கு: நனைந்த கம்பளி.
ஏலத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமென்று துறைமுகத்தில் பேச்சாம். கரண்டைக் குறைத்தால் நாக்கு வரும், கை போகும். எதை வைத்துக்கொள்ள?

செப். 9, செவ். ஆஸ்பத்திரி. மேகம்.

டாக்டரம்மா சென்னைக்காரி. பேசச் சொன்னார். குழறினேன். திருப்தியாகத் தலையாட்டினார். குமரி மாவட்டத்துப் பேச்சே பாட்டு மாதிரி இழுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். பேச்சு நார்மல் என்று எழுதப் போனார்.

கூட வந்த அக்கா மகள் ஷைனி விடவில்லை. "எங்க ஊரு பேச்சு இழுக்கும் டாக்டர், கொழறாது. எங்க மாமா பொய் சொன்னாலும் தெளிவா சொல்லுவாவ."

பேனா நின்றது. கையிலிருந்த திரையில் கம்பி நுனியின் படத்தைக் காட்டினார். நான்கு வளையம், நடு இரண்டும் மும்மூன்று துண்டாக வெட்டியவை. முழு வளையத்துக்கும் கரண்ட் கொடுத்தால் நாலா பக்கமும் பரவும், பேச்சு நரம்புப் பக்கமும். ஒரு துண்டுக்கு மட்டும் கொடுத்தால் ஒரே பக்கம், கலங்கரை விளக்கு மாதிரி.

விரலால் திரையைத் தடவி, கரண்டை ஒவ்வொரு துண்டாக மாற்றிப் பார்த்தார். முதல் துண்டு: முகம் இழுத்தது. இரண்டாவது: கை மறுபடி ஆட்டம். மூன்றாவது: யாரோ நாக்கிலிருந்து கம்பளியை மெல்ல உரித்தெடுத்தார்கள். கையும் ஆடவில்லை.

விளித்தேன். ஆஸ்பத்திரியின் ஏழு மாடியும் எழுந்து நெத்திலிக்கு விலை கேட்டது. அரபிக்கடல் ஓரடி பின்வாங்கியது.

"போதும் மாமா," என்றாள் ஷைனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மயக்கத்துல கெடக்கவியளும் வெல சொல்லிருவாவ."

செப். 10, புதன். வெயில்.

திமிங்கலமும் கடலும் என் கைச்சரக்கு. கூட்டாமல் எழுதுவது இது ஒன்றுதான். நாக்கு குழறிய நாட்களில், ஷைனிக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு, தினமும் குளியலறையில் நின்று ஏலம் விளித்துப் பார்த்தேன். ஒரு மீன் பெயரும் முழுசாக வரவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடவில்லை.