சீட்டின் மேல் வைத்த ஸ்பேனர்

அன்பு மச்சான் முனிரத்தினத்துக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதம் ஆரம்பிப்பார்கள். உன்னிடம் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. நேராகச் சேதிக்கு வந்துவிடுகிறேன்.

பாய் ஷெட்டை விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருஷம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தகர ஷெட்டில் நீயும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருபத்திரண்டாம் வருஷம் நீ போய்ச் சேர்ந்தாய். மிச்சம் ஆறு வருஷத்தை நான் தனியாக ஓட்டினேன். இப்போது காஞ்சிபுரம் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற பைக் ஷோரூமில் சீனியர் மெக்கானிக். சாம்பல் கலர் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே என் பேரை நூலில் தைத்திருக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் யூனிபாரம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

கிளம்பின அன்றைக்கு ஷெட் முதலாளி பாய்க்கு முகமே சரியில்லை.

"இன்னா ஏகாம்பரம், நான் இன்னா கொற வெச்சேன் உனுக்கு?"

"ஒரு கொறயும் இல்ல பாய். முனிரத்தினம் பொண்ணு கூப்புடுது. எப்பிடி மாட்டேன்றது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "செத்துப்போன சிநேகிதன் பொண்ணுக்காவப் போற. நல்ல மனசுய்யா உனுக்கு" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமாக ஊரில் எனக்கு இதே பேர்தான், மச்சான். டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் சொல்கிறார்கள். நானும் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், கூப்பிட்டது உன் மகள் பவித்ராதான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, இப்போது அந்த சர்வீஸ் சென்டருக்கே அவள்தான் இன்சார்ஜ். அவள் வருகிற சத்தம் கேட்டால் பதினோரு மெக்கானிக்குகளும் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். உன் மூக்கு, உன் நடை, உன் கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் சோம்பேறித்தனம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கே வந்தாள். "மாமா, நம்பிக்கையா ஒரு ஆளு வோணும் எனுக்கு. நீங்க வந்தாத்தான் ஆவும்" என்றாள். மாட்டேன் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. என்னிடம் இருந்த ஒரே காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. அதனால் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே திங்கட்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசுவார்கள். எப்படி வேலை செய்ய வேண்டும், எது ஆபத்து என்று. நான் சேர்ந்த முதல் திங்கட்கிழமை உன் மகள் என்ன பேசினாள் தெரியுமா?

"எங்கப்பா இருவத்திரண்டு வருசம் மெக்கானிக்கு. ஒரு நாளு முன்வீலு நட்டு மாட்டாம அவரே வண்டிய ட்ரையலு எடுத்துக்கினு போனாரு. ஏரிக்கர வளைவுல வீலு கயண்டுச்சி. பின்னாடியே நெல்லு மூட்ட ஏத்திக்கினு டிராக்டர் வந்துச்சி. அவ்ளோதான். கெட்டவரு இல்ல. அஜாக்கிரத. எங்கப்பா மாரி சாவாதீங்க."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள். "மாமா அங்கதான் இருந்தாரு. வேணும்னா கேளுங்க."

பதினோரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் பெண் உன்னை அஜாக்கிரதைக்காரன் என்று சொல்கிறாள், நான் அவளுக்குச் சாட்சி. இதைவிடக் கேவலமாக ஒருத்தன் நிற்க முடியுமா, சொல்.

அன்றைக்கு நடந்தது உனக்குக்கூட முழுசாகத் தெரியாது. தெரிந்துகொள்ள உனக்கு நேரம் இருக்கவில்லை. இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நம் ஷெட்டில் ஏது ஜாப் கார்டு? பாதி வேலையில் எழுந்து போகிறவன் ஸ்பேனரை வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். சீட்டில் ஸ்பேனர் இருந்தால் வேலை பாக்கி, யாரும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. சீட்டு காலியாக இருந்தால் வேலை முடிந்தது, கை சும்மா இருக்கிறவன் ட்ரையல் எடுத்துப் போகலாம். நீயும் நானும் வைத்துக்கொண்ட வழக்கம். அதில் ஒரு நாள்கூடப் பிசகு வந்ததில்லை.

தென்னேரிக்காரர் ஒருத்தர் முன்வீல் பேரிங் மாற்றச் சொல்லி வண்டி விட்டிருந்தார். அந்த வேலையைப் பார்த்தது நான். பேரிங் போட்டு, வீலைத் தூக்கி வைத்து, ஆக்சிலை நுழைத்தேன். நட்டு வழக்கம்போல் என் சட்டைப் பாக்கெட்டில். ஸ்பேனரைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, செயினை மட்டும் டைட் பண்ணிக் கொடு என்று நின்றார். ஷெட்டில் பல் தேயாத பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் அந்த ஒன்றுதான். சீட்டிலிருந்து அதை எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு அழுக்குத் துணியையாவது வைத்திருக்கலாம், மச்சான். வைக்கவில்லை.

நீ நாஷ்டா முடித்து வந்தாய். சீட்டு காலி. நட்டு மாட்டுகிற பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. வண்டிக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார். முடிந்ததா என்று நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? நான் குனிந்து டீச்சரம்மா வண்டியில் செயினைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ கிளம்பிப்போனதை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் கேட்டார், "வண்டிய யாருய்யா வேல பாத்தது?"

"முனிரத்தினம் சார்."

இரண்டே வார்த்தை. சொல்லும்போது நட்டு என் பாக்கெட்டில்தான் இருந்தது. சட்டைத் துணி வழியாக நெஞ்சில் அதன் கனம் தெரிந்தது.

பயந்து சொல்லிவிட்டேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதியையும் கேள். எனக்கு உன் மேல் பொறாமை. பெருநகர் ஊரிலிருந்து வருகிறவன்கூட "முனிரத்தினம் இல்லயா, அப்ப நாளிக்கி வரேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான். நான் அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். இருபத்திரண்டு வருஷம் அப்படி நின்றேன். அந்தப் போலீஸ்காரர் கேட்டபோது, உன் பேரில் ஒரு கறை விழட்டும் என்று எனக்குள் ஒருத்தன் ஆசைப்பட்டான். நீ ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது ஆசைப்பட்டான். நீ இருந்தால் என் மூஞ்சியில் காறித் துப்பலாம்.

மறுநாள் தென்னேரிக்காரர் உன் வீட்டு வாசலுக்கே வந்தார். நீ உள்ளே கிடத்தப்பட்டிருந்தாய். "நட்டு மாட்டத் தெரியாதவன்லாம் மெக்கானிக்கா? நான் ஓட்டிக்கினு போயிருந்தா என் புள்ள குட்டி இன்னா ஆவுறது?" என்று கத்தினார். உன் பெண்டாட்டி லோகு தலைவிரி கோலமாக அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் எழுந்து போய் அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பினேன். "செத்தவன இன்னாத்துக்குப் பேசறீங்க, வுடுங்க" என்றேன். லோகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நல்ல மனசு என்கிற பேர் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

கூடப் பிறக்காத என்னை அவள் அண்ணா என்றுதானே கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான். வருஷா வருஷம் உனக்குப் படையல் போடும்போது உன் போட்டோவைப் பார்த்துத் திட்டுவாள். "ஒரு நட்டு முடுக்கத் தெரியாம என்ன வுட்டுட்டுப் போனியே, பாவி மனுசா." திட்டி முடித்து, மூக்கைச் சிந்தி, முதல் இலையை எனக்குப் போடுவாள். நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகவே இறங்கியது. போன வருஷம் வறுத்த கருவாடு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புது இடத்தில் கழற்றுகிற நட்டு போல்ட்டெல்லாம் போட்டு வைக்க ஆளுக்கொரு காந்தத் தட்டு கொடுத்திருக்கிறார்கள். என் கை கேட்குமா? கழற்றியதும் பாக்கெட்டுக்குத்தான் போகிறது. பவித்ரா தினமும் தட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "மாமா, மறுபடியும் பாக்கெட்டா? வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களா?" என்று கிண்டல் பண்ணுவாள். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவேன்.

இரண்டாவது திங்கட்கிழமையும் உன் கதையைச் சொன்னாள். மூன்றாவது திங்கட்கிழமையும் சொன்னாள். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ முணுமுணுத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். உன்னைப் பற்றித்தான். உன் மகள் காதிலும் விழுந்தது. அவள் முகம் அப்படியே இறுகிப்போனது. கையிலிருந்த காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அப்பனைப் பற்றிச் சிரிக்கிறார்கள், தடுக்க அவளுக்கு வாய் இல்லை. அந்த வாயைக் கட்டி வைத்தவன் நான்.

மத்தியானம் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்கு அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஸ்பேனரை எடுத்தது, போலீஸில் சொன்னது, எல்லாம். அவள் நம்பவில்லை, மச்சான்!

"அப்பா மேல இருக்குற பாசத்துல நீங்க பழிய ஏத்துக்கிறீங்க. காலைல அவனுங்க சிரிச்சது உங்களுக்குத் தாங்கல. எனுக்குத் தெரியும் மாமா. போய் வேலையப் பாருங்க."

பார்த்தாயா? கொலைகாரன் வந்து நான்தான் என்கிறான். போய் வேலையைப் பார் என்று அனுப்புகிறார்கள். அத்தனை நல்ல பேர் எனக்கு. அப்படியே விட்டிருந்தால் இன்னொரு படி உயர்ந்திருப்பேன். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது, மறைக்க மாட்டேன்.

"பவி, அப்பா நட்டு மாட்ட மறக்கல. அந்த நட்டு என் பாக்கெட்ல இருந்திச்சி" என்றேன்.

அவள் கண் என் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. அன்றைக்கும் அதில் இரண்டு நட்டு கிடந்தது, துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் வற்றுவதைப் பார்த்தேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவத் திட்டிக்கினே வளந்தேன் நானு" என்றாள். அவ்வளவுதான். வெளியே போய் ஒரு வாடிக்கையாளருக்கு வண்டியைச் சிரித்த முகத்தோடு ஒப்படைத்தாள்.

சாயந்திரம் வந்தாள். நான் டூல் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். "நான் நின்னுக்கிறேன்மா, நாளைலேந்து வரல" என்றேன்.

"இல்ல சார். வேலைய வுட்டுப் போவாதீங்க. போனா நீங்க தப்பிச்சிருவீங்க. தினமும் என் எதுர்ல நிக்கணும்."

சார். மூன்று வயதில் என் தோளில் உட்கார்ந்து மூத்திரம் பெய்த பிள்ளை.

"அடுத்த திங்கக்கெயம அந்தக் கதைய நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். எங்கம்மாகிட்டயும் நான் சொல்ல மாட்டேன். அதுவும் உங்க வேலதான்."

நேற்றுத் திங்கட்கிழமை. பன்னிரண்டு பேர் முன்னால் நின்று உன் பேரையும் என் பேரையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டீ நேரத்தில் என் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. இப்போது நான் முடித்த ஒவ்வொரு வண்டியையும் உன் மகள் குனிந்து, ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறாள். எல்லோர் எதிரிலும்தான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸுக்கு இது வேண்டியதுதான். ஒரு நட்டுகூட லூஸாக இருந்ததில்லை. அதற்காக அவள் முகம் இளகவும் இல்லை.

நீ இருந்தால் மன்னித்திருப்பாயா? உன்னைத் தெரியும் எனக்கு, மன்னித்துத் தொலைத்திருப்பாய். "வுட்றா மச்சான்" என்று சொல்லிவிட்டு டீக்குக் கிளம்பியிருப்பாய். அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை. உன் மன்னிப்பு எனக்கு ரொம்ப மலிவாகக் கிடைத்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படையல். லோகு போன் பண்ணினாள். "அண்ணா, காலைலயே வந்துருங்க. கருவாடு வாங்கி வெச்சிக்கீறேன், உங்களுக்குப் புடிக்குமேன்னு." சரிம்மா என்றேன். இந்தக் கடிதத்தை நம் மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்குச் சாயந்திரம்தான் போடுவேன். அவளுக்கு இது ஊர்வாய் வழியாகப் போகக் கூடாது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் உன் போட்டோவைப் பார்த்துத் திட்ட வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவேன். இலை போட விட மாட்டேன். பாதியில் நிறுத்த மாட்டேன், அழுது தப்பிக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாளோ, அதுதான் என் பேர்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன் மச்சான்,
ஏகாம்பரம்