மருந்து அடிக்க வேண்டும்

கண்டி,
14.11.1998

அன்புள்ள மகன் தயாபரனுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் சின்னவளும் அந்த ஒஸ்லோக் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்கக் கந்தனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டேன் என்று நீ மனம் நொந்ததாக அப்பா சொன்னார். கோபம் உன்மேல் இல்லை ராசா. போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை, அதுதான் கடிதம் எழுதுகிறேன்.

என்னைப் போலவே ஓர்கிட் பூச்செடிப் பைத்தியம் பிடித்த தனபாலன் என்று ஒருவர் இருக்கிறார். ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார், கைக்குழந்தைக்காரர். பூச்செடி வளர்க்கும் நம் ஆட்களுக்குத் தமிழில் ஒரு குறிப்புப் போடலாம் என்று அவருக்கு ஆசை. தொழிற்சாலையில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். அது ஒரு சனியன் பிடித்த பெட்டி. இன்றைக்குத் தமிழாகத் தெரிவது நாளைக்குத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும், ‘வேர்’ என்று அடித்த இடத்தில் ‘Ntu;’ என்று நிற்கும். தமிழ் எழுத்தைக் காட்டுகிற ஃபொன்ட் அதில் நிலைப்பதில்லை, வேறு கோளாறு இல்லை. நீ விட்டுப்போன கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டி எனக்கு இதெல்லாம் பழக்கம். தெரிகிறதை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு வாங்கோ, பார்த்துச் சொல்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாளோடு வந்தவரைப் பாலத்தடிச் சோதனையில் பொலிஸ்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தையில் புத்தர் கோயில் மாளிகையில் குண்டு வெடித்த பிறகு தமிழ்ப் பெயர் இருந்தாலே போதும், இவர் கையில் யாருக்கும் விளங்காத எழுத்து வேறு. புலிகளின் ரகசியக் குறியீடாம்! அவர் வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவரைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறோம் என்றார்களாம். அங்கே அனுப்பப்பட்டவர்கள் எப்படித் திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று உனக்குத் தெரியும்.

அவருடைய பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்து, டீச்சர் நீங்க வந்து அது பூச்செடி விஷயம்னு சொல்லுங்க என்றாள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ஃபொன்ட் இருக்கிற பிளொப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கதிரை தந்தார். மேசையில் இருந்த அந்தப் பழைய பெட்டியில் பிளொப்பியைப் போட்டேன், அது கறகறவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குப்பையெல்லாம் ஒரே நொடியில் தமிழாக மாறியது. பாருங்கள் மாத்தையா, ரகசியம் ஒன்றும் இல்லை என்றேன். அந்த மனிதன் திரையைப் பார்த்தான், பக்கத்தில் நின்றவனிடம், மே தெமள நே, இது தமிழ்தானே என்றான். அதுவரைக்கும் சந்தேகம் மட்டும் இருந்த முகத்தில் இப்போது ஆளைப் பிடித்துவிட்ட நிம்மதி! வவுனியாவில் வேலை செய்து அரைகுறைத் தமிழ் கற்ற கொன்ஸ்டபிள் ஒருவனை வாசிக்கக் கூப்பிட்டார்கள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்து, வெள்ளிக்கிழமை மருந்து அடிக்கிறதாம் சேர் என்றான். மருந்து என்றால் அவனுக்கு வெடிமருந்து, அடி என்றால் தாக்குதல். ஓர்கிட் வேரில் பூஞ்சணம் பிடித்தால் தெளிக்கிற மருந்து என்று நான் சிங்களத்தில் தொண்டை கிழியச் சொன்னேன். உங்களுக்கும் அந்த ஆளுக்கும் என்ன தொடர்பு என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். எத்தனை வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்!

கடைசியில் அவரை விட்டது என் விளக்கத்துக்காக இல்லை. தொழிற்சாலையின் சிங்கள மனேஜர் போன் எடுத்து, நல்ல பொடியன், நான் பொறுப்பு என்றாராம். அந்த மனிதன் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒருவன் தன் மொழியில் பூச்செடியைப் பற்றி எழுதியதற்கு இன்னொருவன் பிணை நிற்க வேண்டுமா என்று நினைக்க வயிறு எரிகிறது.

முந்தாநாள் தனபாலன் கொம்பியூட்டரோடு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது, நான் கேட்கவில்லை. திரும்பவும் ஃபொன்ட் ஓடிவிட்டதா என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லைங்க டீச்சர், இப்ப நல்லாத்தான் தெரியுது, அந்தத் தமிழ் ஃபொன்ட்டைக் கழட்டி விட்டுருங்க, இனிமே இங்கிலீசுலயே எழுதிக்கிறேன், புள்ளக்காரன் இல்லீங்களா என்றார். அவரை ஏச வேண்டும் போல இருந்தது. நானே என் கையால் அழித்துக் கொடுத்தேன் தயா. நிலைக்கவில்லை என்று இவ்வளவு நாள் போராடிய எழுத்து, ஒரு தட்டோடு போய்விட்டது.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, சின்னவளுக்குச் சளி பிடிக்க விடாதே. கந்தன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாதே என்று அப்பா நச்சரிக்கிறார், போடத்தான் போகிறேன். பதிலைத் தமிழிலேயே எழுது. வழியில் யாராவது உறையைப் பிரித்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் கோபக்கார அம்மா
லீலாதேவி