பரீட்சை நடுவில் இட்ட திருநீறு

கிளென்ஃபீல்ட், ஆக்லாந்து

சிவகாமு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் மகள் தமயந்திக்குக் கேட்டுவிடும் என்று மாடியில் குடியிருக்கும் ரஷ்மியை எழுதச் சொல்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரி வேலையோடு நர்சிங் டாக்டர் பட்டமும் கம்ப்யூட்டரிலேயே படிக்கிறாள் அல்லவா, நேற்று அதற்குப் பரீட்சை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையிலிருந்து அவளுக்குத் திருநீறு பூசிவிட்ட கை, சும்மா இருக்கவில்லை. நடுவில் போய் அவள் நெற்றியில் இட்டேன். வீட்டிலிருந்து எழுதுகிறவர்களைக் கேமரா வழியாகக் கண்காணிப்பார்களாம்; அதில் வேறு ஆள் தெரிந்ததும் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். கைநாட்டு நான் விடை சொல்லிக்கொடுத்தேனோ என்று சந்தேகமாம்.

"விடுங்கப்பா, காலேஜுக்கு விளக்கி லெட்டர் போட்டிருக்கேன்" என்றாள். மறுபடி எழுத விடாவிட்டால் ஒரு வருஷம் வீண்.

சரியாகச் சாப்பிடமாட்டேன் என்கிறாள். உன் மிளகு ரசப் பக்குவத்தை யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பு. அவளிடம் எதுவும் கேட்காதே.

அவள் லெட்டருக்குப் பதில் கம்ப்யூட்டரில்தான் வருமாம். வந்ததா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரஷ்மிக்கு பஸ் நேரமாகிவிட்டது.

ரங்கநாதன்