நண்டுப் பிரட்டலும் ரவாங் வீட்டுக் கசப்பு பீரும்

என் தங்கமான அக்கா,

நம் தோட்டத்து லயத்துக்கு இப்போது பகலிலும் கரண்டு வருகிறது. உன் மகள் மாலா டிவி முன்னால் உட்கார்ந்தேதான் சோறு தின்கிறாள். நல்ல சேதி இவ்வளவுதான்.

நீ போன பிறகு அத்தான் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் ரவாங் டவுனுக்குப் போய்விட்டு, சாயங்காலம் பீர் வாசத்தோடு திரும்புவார். கேட்டால், "கூட்டாளி வீடு லா" என்பார். கூட்டாளியைப் பார்க்கவா சட்டையைத் தேய்த்துப் போடுகிறார்? போன மாதம் அவரே, "நீயும் வா, ஒருத்தங்கள பாக்கணும்" என்றார்.

ரவாங் வீட்டில் கதவைத் திறந்தவளை உடனே அடையாளம் தெரிந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் வார்டில் இருந்த யாழ்ப்பாணத்து நர்ஸ், கமலா. நீ உயிரோடு இருந்தபோதே தொடங்கியதா இது?

"வாங்கோ, இருங்கோ" என்று லேபிள் இல்லாத ஒரு பீர் போத்தலைத் திறந்தாள். லண்டனில் நர்ஸுக்குப் படித்தபோது பழகியதாம். அங்கிருக்கும் தோழி அனுப்புகிற காய்ந்த பூவைப் போட்டு அவளே காய்ச்சுகிறாளாம். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்துச் செத்தவர்களைப் பார்த்தவள் நான், நம்புவேனா? அத்தான் முழுக் கிளாஸையும் முடிக்கும்வரை தொடவில்லை. பிறகு ஒரு மிடறு குடித்தேன். எலுமிச்சைத் தோல் வாசம், பாகற்காய்க் கசப்பு.

"வெறுமனே குடிக்காதேங்கோ, நண்டோட குடியுங்கோ."

நண்டுப் பிரட்டல் காரம். மேலே பீரைக் குடித்ததும் இன்னும் சுள்ளென்று ஏறி, அடங்கும்போது லேசாகத் தித்தித்தது. கை தானாக அடுத்த நண்டுக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது, அக்கா. புளிக்குப் பதில் பிளிம்பிங் காய். அது உன் கைப்பக்குவம்.

"இது எங்கக்கா சமையலு. அத்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லை, உங்கட அக்காதான் சொன்னவ. நித்திரை வராட்டி சமையல் கதைதான் கதைப்பா. 'எனக்கப்புறம் இந்த மனுசன் சாப்பிடாம கெடப்பாரு, பாத்துக்குங்க மிஸ்ஸி' எண்டும் சொன்னவ."

அத்தான் அழுதார். அந்த அழுகையையும் நான் சந்தேகப்பட்டேன்.

இரண்டு பேரும் கட்டிக்கொள்ள என் சம்மதம் கேட்டார்கள். மாலாவையும் அங்கே கூட்டிப் போகப் போகிறார்களாம். எழுந்து வந்துவிட்டேன்.

நீ சொன்னாயா, அக்கா? கூடப் பிறந்த என்னிடம் ஏன் சொல்லவில்லை? இரண்டு பேரும் பேசிவைத்த கதையா? உன்னை விட்டால் நான் யாரிடம் கேட்பேன்?

பல நாள் யோசித்தேன். அது பொய்யாகவே இருக்கட்டும். ஆனால் நீ சொல்லக்கூடியதுதான். நேற்று அத்தானிடம் சரி என்றேன். "பள்ளிக்கூட லீவு வரைக்கும் மாலா எங்கிட்டதான் இருப்பா" என்றும் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

மாலா அங்கே போன பிறகு நான் சொல்லாமல் கொள்ளாமல் ரவாங் போவேன். கமலா ஊற்றித் தந்தால் குடிப்பேன், நண்டு வைத்தால் தின்பேன், கண் மட்டும் பிள்ளை முகத்தில் இருக்கும். அது ஒருநாள் வாடியிருந்தாலும் கையோடு கூட்டிவந்துவிடுவேன். இது சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்த, இன்னும் முழுசாக நம்பாத தங்கச்சி,
செல்வி