ஷாமிலாவைப் பற்றி நான் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்
தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் இன்று இருபத்தொரு குழந்தைகளை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் என் பொறுப்பில் விட்டுப் போனார்கள். மழை வேறு. தூங்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மகள் ஷாமிலா போனை நீட்டுகிறாள். கொழும்பில் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் நேர்முகத்தில் தேறிவிட்டாளாம். படிப்புச் செலவுக்குப் புலமைப்பரிசில் தரலாமா என்று முடிவெடுக்க வீட்டாரிடமும் பேசுவார்களாம். அரசாங்கப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப் போனது. இனி இந்த ஒரு இடம்தான். "நிதானமா பதில் சொல்லுங்கம்மா" என்றாள். எனக்கா தெரியாது?

ஜூன் 5
பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் போனில் பேசினார். என் போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். வாசலில் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா நின்றிருந்தார்.

"மகள் எப்படிப் படிப்பாங்க? நாலு வருஷம் சமாளிப்பாங்களா?"

பெற்றவளே புகழ்ந்தால் பிள்ளைக்குக் கண்பட்டுப் போகும். "அவ என்னத்தங்க பெருசா படிச்சிட்டா, ஏதோ பாஸ் பண்ணிட்டா. புத்தகத்தையே தொட மாட்டா, வெளையாட்டுப் புத்தி" என்றேன். மிஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 12
ஐயோ.

ஜூன் 13
நேற்று எழுத முடியவில்லை. கடிதம் வந்தது. எனக்கும் அவள் அப்பாவுக்கும் ஷாமிலாவே வாசித்துக் காட்டினாள். 'படிப்பில் ஆர்வம் இல்லை என்று தாயாரே தெரிவித்துள்ளார். புலமைப்பரிசிலுக்குப் பரிந்துரைக்க முடியவில்லை.'

அது சும்மா சொல்றதுதானே. எல்லா அம்மாவும் சொல்றதுதானே. அதையா எழுதி வைப்பாங்க? பாவி, நானே என் வாயால...

அவள் அழவில்லை. "யார் கேட்டாலும் இதத்தானேம்மா சொல்றீங்க. நெசமாவே நான் அப்படித்தானோன்னு எனக்கே தோணும்" என்றாள். அவள் அப்பா தேயிலை ஃபெக்டரிக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 16
அந்த மிஸ்ஸுக்கு நானே போன் செய்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை. காய்ச்சலோடு போய் பரீட்சை எழுதியவள். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். எல்லாம் சொன்னேன். வாய் குழறியது. மகளைப் பற்றி இப்படி நான் யாரிடமும் பேசியதே இல்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்திட்டோம். அடுத்த முறை விண்ணப்பம் போடச் சொல்லுங்க."

ஜூலை 20
ஷாமிலா ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். என்னிடம் பேசுவது பஸ் நேரமும் சாப்பாடும்தான்.

நவம்பர் 21
கிடைத்துவிட்டது! அதே பல்கலைக்கழகம், புலமைப்பரிசிலோடு. நேர்முகத்துக்குத் தனியாகவே போய் வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

சேர்க்கைப் படிவத்தை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். தாயின் பெயர் ஜீவராணி, தொழில் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர். எல்லாம் சரி. மாணவியைப் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று கேட்ட இடத்தில் அப்பாவின் நம்பரை எழுதியிருக்கிறாள்.

ஃபெக்டரியில் இருபது வருஷ மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிப்போன அவருக்குப் போனில் பேசினால் ஒன்றுமே கேட்காது. அது அவளுக்கும் தெரியும்.